கேளாதோரின் பழைய எழுத்துத் தொலைபேசி: விசைப்பலகையை மட்டும் கழற்றி எடுக்கலாமா?

தட்டச்சுப்பிரியன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வசிக்கிறேன். சென்ற சனிக்கிழமை, எங்கள் குடியிருப்புக்கு அருகில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் முற்றத்தில் பரப்பி வைத்து விற்ற பொருள்களுக்கு இடையே, காது கேளாதவர்கள் தொலைபேசி வழியாகத் தட்டச்சு செய்து உரையாடப் பயன்படுத்திய டிடிஒய் கருவி ஒன்று கிடந்தது. விலை 12 டாலர் என்றார்கள்; பேரம் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன்.

கருவி ஒரு தடித்த அகராதியைவிடச் சற்றுப் பெரியது. பழைய தொலைபேசியின் ரிசீவரைக் கவிழ்த்து வைப்பதற்காக மேற்புறத்தில் இரண்டு கறுப்பு ரப்பர்க் கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒரே ஒரு வரி மட்டும் தெரியக்கூடிய ஒடுக்கமான கண்ணாடித் திரையும், ஓரத்தில் கடைகளில் ரசீது அடிப்பதைப் போன்ற சிறிய பிரிண்டரும் உள்ளன. அடிப்பக்கத்து லேபிள் பாதிக்கு மேல் கிழிந்துவிட்டதால் தயாரித்தவர் பெயரும் ஆண்டும் தெரியவில்லை. நான் இதை வாங்கியதே விசைப்பலகைக்காகத்தான். பழைய கீபோர்டுகளைச் சேர்ப்பவன் என்பதால், அந்த முற்றத்திலேயே நான்கைந்து விசைகளை அழுத்திப் பார்த்தேன். விரலுக்கு நல்ல கனம், அடியில் போய்த் தட்டும்போது ஒரு திடமான ஓசை. வீட்டுக்கு வந்து ஒரு மூடியைக் கழற்றினால், கீழே கூட்டல்குறி வடிவத் தண்டு தெரிந்தது. இந்தப் பலகையை மட்டும் தனியே எடுத்து, யுஎஸ்பி வழியாகக் கணினியில் பயன்படும்படி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இதற்கு முன் யாராவது செய்திருக்கிறீர்களா? இத்தகைய கருவிகளை இன்னும் எவரேனும் பயன்படுத்துகிறார்களா, அல்லது பிரித்துப்போட்டால் ஒன்றும் நட்டமில்லையா?

இன்னொரு சிறு சந்தேகம். இடைவெளி விசைக்கு இருபுறமும் 'ஜிஏ' என்றும் 'எஸ்கே' என்றும் எழுதப்பட்ட இரண்டு தனி விசைகள் இருக்கின்றன. பிரிண்டரில் மிச்சமிருந்த காகிதத்திலும் மங்கிப்போன சில வரிகளுக்குக் கீழே 'ஜிஏ ஆர் எஸ்கே' என்றும், அதற்கடுத்து 'எஸ்கே எஸ்கே' என்றும் அச்சாகியிருக்கிறது. இவற்றின் பொருள் என்ன?

சுருள்கம்பி எழுதியது:

சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கூட்டல்குறி வடிவத் தண்டு என்பதால் மட்டுமே அது செர்ரி நிறுவனத்தின் சுவிட்ச் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த வடிவத்தைப் பிறரும் செய்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு மூன்று மூடிகளைக் கழற்றி, சுவிட்சின் உடற்பகுதியில் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று ஒரு பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். செவ்வகப் பள்ளம் உள்ள தண்டாக இருந்திருந்தால் ஆல்ப்ஸ் என்ற மற்றொரு நிறுவனத்தின் வகையைச் சந்தேகித்திருக்கலாம். எழுத்துகள் மேலே அச்சிடப்பட்டவையா, அல்லது இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை அடுத்தடுத்து வார்த்துச் செய்தவையா என்பதை மூடியைத் திருப்பிப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம். எழுத்தின் உருவம் உட்புறத்திலும் தெரிந்தால் அது இரட்டை வார்ப்பு, எத்தனை ஆண்டு தட்டினாலும் அழியாது.

மாற்றிக்கொள்வது முடியாத காரியம் அல்ல. விசை ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி இராது. கிடைவரிசைக் கம்பிகளும் நெடுவரிசைக் கம்பிகளும் பின்னலாக ஓடும், ஒரு விசையை அழுத்தும்போது ஒரு கிடையும் ஒரு நெடுவும் தொட்டுக்கொள்ளும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எந்த விசை எந்த இரண்டு கம்பிகளைச் சேர்க்கிறது என்று முழு அட்டவணையும் எழுதிவிடலாம். அதன்பின் விசைப்பலகைகளுக்கென்றே உள்ள கியூஎம்கே போன்ற மென்பொருள் ஏற்றிய சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று போதும். ஆனால் இத்தகைய பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். டயோடு இல்லையென்றால், பின்னலில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளை ஒருசேர அழுத்தும்போது, தொடாத நான்காவது மூலையின் எழுத்தும் தானாக முளைக்கும். வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு இது தீராத் தலைவலி.

ஆனால் அந்தக் கருவிக்கு அது குறையே அன்று என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க டிடிஒய் அனுப்பும் வேகம் 45.45 பாடு (baud), அதாவது வினாடிக்கு அத்தனை துடிப்புகள். ஒரு துடிப்புக்கு 22 மில்லிவினாடி. ஓர் எழுத்துக்குத் தொடக்கத் துடிப்பு ஒன்று, எழுத்துக்கான துடிப்புகள் ஐந்து, நிறுத்தத்துக்கு ஒன்றரை என்று வைத்துக்கொண்டால் 165 மில்லிவினாடி ஆகிறது. அதாவது வினாடிக்கு ஆறு எழுத்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 சொல். கம்பியில் அதற்குமேல் எதுவும் போகாது என்னும்போது, பத்து விரலும் ஒரே நேரத்தில் விழுந்தாலும் தாங்கும் பலகையைச் செய்து யாருக்கு என்ன பயன்?

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மின்சாரம் கொடுப்பதற்கு முன் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். இவற்றில் நிக்கல் காட்மியம் பேட்டரிகளே பெரும்பாலும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும். அந்தக் கசிவு காரத்தன்மை உடையது. பேட்டரியை எடுத்துவிட்டு, பஞ்சில் வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவை மட்டும் பார்க்காமல் ஏசி மின்சாரமா டிசி மின்சாரமா என்பதையும் கருவியின் மீதே படித்துக்கொள்ளுங்கள்.

பழையகடை எழுதியது:

நான் மாற்றுக்கருத்தையே சொல்வேன். இந்தக் கருவிகள் அமெரிக்காவில் பெட்டி பெட்டியாகக் குப்பைக்குப் போயின. கேளாத நண்பர்கள் எல்லோரும் குறுஞ்செய்திக்கும் காணொளி அழைப்புக்கும் எப்போதோ மாறிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய ஒன்றே ஒன்று உங்கள் கையில் சிக்கிவிட்டதைப் போலத் தயங்க வேண்டாம். பலகை பிடித்திருந்தால் எடுத்துப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அது உங்கள் அலமாரியில் இன்னும் இருபது ஆண்டு தூசு தின்னும்.

கிண்டித் தந்திக்காரர் எழுதியது:

தம்பி, நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கிண்டி இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் ஆலையில் உருவான, தட்டியதைக் கம்பி வழியே அனுப்பி எதிர்முனையில் அச்சிடும் இயந்திரங்களை ஆண்டுக்கணக்கில் தட்டியவன் என்ற முறையில், தங்கள் கருவியை முன்பின் பார்த்திராவிட்டாலும் அதன் வயிற்றுக்குள் ஓடுகிற மொழி எனக்குத் தெரியும். எங்கள் இயந்திரங்கள் 50 பாடு வேகத்தில் ஓடின, அமெரிக்க வேகம் 45.45, மற்றபடி இரண்டும் ஒரே குடும்பம்.

ஐந்து துடிப்புகளை வைத்து 32 வேறுபாடுகளைத்தான் காட்ட முடியும். ஆங்கில எழுத்து 26, எண் 10, ஆக இதிலேயே 36 ஆகிவிடுகிறது. நிறுத்தக்குறிகளுக்கு இடமே இல்லை. ஆகையால் ஒரே குறியீட்டுக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். 'இனி எழுத்து' என்று ஒரு குறியும் 'இனி எண்' என்று ஒரு குறியும் தனியே உண்டு. எது கடைசியாக வந்ததோ அதன்படியே பின்னால் வருவன எல்லாம் அச்சாகும். பழைய டெலிடைப் (அமெரிக்காவில் டெலிபிரிண்டருக்கு வழங்கிய பெயர்) பலகையில் மூன்றே வரிசை விசைகள்தான். எண்களுக்கென்று நான்காவது வரிசை கிடையாது. மேல்வரிசை எழுத்துகளின் தலையிலேயே எண்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்: க்யூவுக்கு 1, டபிள்யூவுக்கு 2, ஈக்கு 3, ஆருக்கு 4, டிக்கு 5, ஒய்க்கு 6, யூவுக்கு 7, ஐக்கு 8, ஓவுக்கு 9, பிக்கு 0. தங்கள் கருவியில் நான்கு வரிசை இருந்தால், அந்தக் குறிகளைக் கருவி தானே இடையில் செருகிக்கொள்கிறது என்று பொருள். தட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

கேள்விக்குறி போட வேண்டுமானால் 'இனி எண்' குறி, பிறகு கேள்விக்குறி, பிறகு மீண்டும் 'இனி எழுத்து' குறி என்று மூன்று குறிகள் போக வேண்டும். அரை வினாடி அதிலேயே கழிந்துவிடும். கேளாதோர் தங்கள் உரையாடலில் கேள்விக்குறிக்குப் பதிலாக வெறும் க்யூ என்ற எழுத்தைப் போடும் வழக்கம் இன்றைய நான்கு வரிசைப் பலகை வந்த பின்னும் தொடர்ந்தது. விசைப்பலகை மாறினாலும் விரலின் பழக்கம் மாறாது என்பதை எங்கள் அலுவலகத்திலும் கண்டிருக்கிறேன்.

இந்தக் கருவிக்கு அப்படி ஒரு பழைய மொழி ஏன் வாய்த்தது என்பதற்கும் கதை உண்டு. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் வெய்ட்பிரெக்ட் என்ற இயற்பியலாளர் பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவர். தனியார் பொழுதுபோக்காக நடத்தும் ஹாம் ரேடியோவில் டெலிடைப் மூலம் நண்பர்களோடு உரையாடிப் பழகியவர். வானொலியில் முடிவது தொலைபேசியில் ஏன் முடியாது என்று அவரைத் தூண்டியவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்ற கேளாத பல்சீரமைப்பு மருத்துவர். ஆண்ட்ரூ சாக்ஸ் என்ற மற்றொரு கேளாதவரும் அவர்களோடு சேர்ந்தார். அக்காலத்தில் பெல் தொலைபேசி நிறுவனம் தன் கம்பியில் அயலார் கருவி எதையும் இணைக்க விடாது. எனவே வெய்ட்பிரெக்ட் கம்பியைத் தொடாமல், எழுத்துகளை ஒலியாக்கி ரிசீவரின் வாயில் ஊதி, எதிர்முனையில் ரிசீவரின் காதிலிருந்து கேட்டு எழுத்தாக்கும் வழியைப் பிடித்தார். தங்கள் கருவியில் உள்ள ரப்பர்க் கிண்ணங்கள் அந்த வழியின் மிச்சந்தான்.

அவருக்கு ஏற்பட்ட பெரிய இடையூறு எதிரொலி. தொலைதூரக் கம்பியில் தான் அனுப்பிய ஒலியே திரும்பிவந்து அடுத்த எழுத்தைக் குலைத்தது. அந்தச் சிக்கலை அவர் தீர்த்ததே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர்நாடி என்பேன். 1964 மே மாதத்தில் ரெட்வுட் சிட்டியிலிருந்து அவரும் பாசடீனாவிலிருந்து மார்ஸ்டர்ஸும் தொலைபேசியில் உரையாடினார்கள். முதலில் வந்தவை குழம்பிய எழுத்துகள், சரிசெய்த பின் வந்தவை தெளிவான வரிகள். அவர்கள் பயன்படுத்தியவை செய்தி நிறுவனங்களும் தந்தி நிறுவனங்களும் கழித்துக்கட்டிய டெலிடைப்புகள், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்புச் சுமைகள். புதிய கணினிக் குறியீடு அப்போதே வந்துவிட்டது. ஆனால் இலவசமாகக் கிடைத்தது ஐந்து துடிப்பு இயந்திரந்தான். 1968-ல் கேளாதோருக்கான டெலிடைப் அமைப்பு இண்டியானாபொலிஸில் உருவாகி, கழித்த இயந்திரங்களை வாங்கிப் பழுதுபார்த்து வீடுகளுக்குக் கொடுத்தது. பிற்பாடு கைக்கடக்கமான மின்னணுக் கருவிகள் வந்தபோது, ஏற்கெனவே வீடுகளில் இருந்த இரும்பு இயந்திரங்களோடு பேச வேண்டும் என்பதற்காக அவையும் அதே மொழியையே கற்றுக்கொண்டன.

தங்கள் கேள்விக்கு என் விடை: கழற்றலாம், ஆனால் ஒருமுறை பேசவைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

தம்பி தட்டச்சுப்பிரியனுக்கும், 'குப்பைக்குப் போகட்டும்' என்ற நண்பருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் ரிலே மையத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தவள். 1990-ல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி 1993 ஜூலைக்குள் நாடு முழுவதும் ரிலே சேவை வந்தாக வேண்டும் என்று ஆனதால், அந்த ஆண்டுகளில் என்னைப் போன்ற பலருக்கு அந்த வேலை கிடைத்தது. கேளாதவர் தன் வீட்டில் டிடிஒய்யில் தட்டச்சு செய்வார். அது எங்கள் திரையில் வரும். நாங்கள் அதை எதிர்முனையில் இருக்கும் கேட்கும் நபருக்கு வாசித்துக் காட்டுவோம். அவர் சொல்வதைத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவோம். 2001-ல் இருந்து நாடு முழுவதும் 711 என்று அழுத்தினாலே இந்தச் சேவை கிடைக்கிறது.

ஜிஏ என்றால் 'நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள் சொல்லுங்கள்' என்று பொருள். இந்தக் கருவியில் இருவர் ஒரே நேரத்தில் தட்டினால் இரண்டு ஒலிகளும் மோதி, இரு பக்கமும் குப்பை எழுத்தாகிவிடும். ஆகையால் முறை மாற்றிப் பேசியே ஆக வேண்டும். முறையை ஒப்படைக்கும் சொல்தான் ஜிஏ. எஸ்கே என்றால் பேச்சை முடித்துக்கொள்வது. ஆனால் நாம் யாரும் தொலைபேசியைப் பட்டென்று வைத்துவிடுவதில்லை அல்லவா? 'ஜிஏ ஆர் எஸ்கே' என்று ஒருவர் எழுதினால் (நடுவில் உள்ளது 'அல்லது' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்), 'எனக்கு வேறொன்றும் இல்லை, உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், இல்லையென்றால் வைத்துவிடலாம்' என்பது கருத்து. நம் வீடுகளில் 'அப்ப வைக்கட்டுமா?' என்று நான்கு முறை கேட்டு, அதற்குள் இன்னொரு கதையைத் தொடங்குகிறோமே, அதே மரியாதைதான். 'எஸ்கே எஸ்கே' வந்தால் இரு தரப்பும் விடைபெற்றாயிற்று. தம்பி பார்த்த காகிதத்தில் ஒரு முழு விடைபெறுதல் பதிந்திருக்கிறது.

அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். அந்த மங்கிய வரிகளை இங்கே படமாகப் போட வேண்டாம். ரிலே ஊழியர்கள் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, அழைப்பு முடிந்தபின் பதிவு எதையும் வைத்திருக்கக்கூடாது என்பது கட்டாய விதி. வேலையை விட்டு இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நான் வாசித்த ஒரு வாக்கியத்தைக்கூட வீட்டில் சொன்னதில்லை. வெப்பத்தாளில் அச்சான எழுத்து நாளடைவில் தானாகவே மறைந்துவிடும், மறைய விட்டுவிடுங்கள்.

உரையாடலைத்தான் சொல்ல மாட்டேன், வேலையைச் சொல்லலாம். கேளாதவரின் எழுத்துகள் எங்கள் திரையில் வாக்கியமாக வந்து விழாது. ஒவ்வோர் எழுத்தாக, வினாடிக்கு ஆறு என்ற நடையில், ஊர்ந்து வரும். யார் கோபமாகத் தட்டுகிறார், யார் யோசித்து நிற்கிறார் என்பது அந்த நடையிலேயே தெரியும். பிழை நேர்ந்தால் அழித்துத் திருத்தாமல் மூன்று எக்ஸ் போட்டுவிட்டுச் சரியான சொல்லைத் தொடர்பவர்கள் பலர். பின்னால் போய்த் திருத்த இரும்பு டெலிடைப்பில் வழி இல்லாததால் வந்த பழக்கம் அது. எதிர்முனையில் நாய் குரைத்தாலும், குழந்தை அழுதாலும், பேசுபவர் சிரித்தாலும், அதையும் அடைப்புக்குறிக்குள் தட்டச்சு செய்து சொல்வோம். 2000-ல் வந்த விதிப்படி நாங்கள் நிமிடத்துக்கு 60 சொல்லாவது தட்டியாக வேண்டும். கம்பியில் போகும் வேகமும் கிட்டத்தட்ட அதுவே என்பதால், அதற்குமேல் கைத்திறமை இருந்தாலும் வெளியே தெரியாது. எனக்கு இருந்த ஒரே மனத்தாங்கல், எங்கள் குரலைக் கேட்டவுடனே ஏதோ பொருள் விற்கிறவர்கள் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிடும் ஆட்கள்தான். அப்போது கேளாதவருக்கு 'வைத்துவிட்டார்' என்று நான் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே எண்ணுக்கு அடுத்தடுத்து மூன்று முறை அப்படித் தட்டிய நாட்கள் உண்டு.

இன்று யார் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு: மிகச் சிலர். காணொளி வழியாகச் சைகைமொழியில் பேசும் வசதி வந்தபின் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு விட்டுவிட்டார்கள். தங்கள் தாய்மொழியில் பேச முடியும்போது ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக ஏன் தட்ட வேண்டும்? இணையவழித் தொலைபேசிகள் குரலைச் சுருக்கி அனுப்புவதால் டிடிஒய்யின் ஒலி சிதைந்து போவதும் ஒரு காரணம். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய தகவல்தொடர்பு ஆணையம், கைபேசி நிறுவனங்கள் டிடிஒய்க்குப் பதிலாக, தட்டத் தட்ட எதிர்முனையில் தெரியும் நிகழ்நேர எழுத்துமுறையைத் தரலாம் என்று அனுமதித்தது. ஆகையால் பழையகடை நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனாலும், இரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி 'எனக்காகத் தொலைபேசியில் பேசுங்கள்' என்று கெஞ்ச வேண்டிய நிலையிலிருந்து ஒரு தலைமுறையை விடுவித்த பெட்டி அது. பேசவைத்துப் பாருங்கள் என்று ஐயா சொன்னதையே நானும் சொல்கிறேன். ஆனால் சோதனைக்காக 711-ஐயோ, அவசர உதவிக்கான 911-ஐயோ அழைத்துவிட வேண்டாம்.

தட்டச்சுப்பிரியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பேட்டரி கசிந்துதான் இருந்தது; நல்லவேளை, அறைக்கு வெளியே பரவவில்லை. வினிகர் வைத்தியம் பலித்தது. சரியான அடாப்டர் கிடைத்து மின்சாரம் கொடுத்ததும், நீலமும் பச்சையும் கலந்த ஒளியில் எழுத்துகள் எழுந்து நின்றன. திரையில் 20 எழுத்துகளுக்கு மேல் கொள்ளவில்லை.

வீட்டில் கம்பித் தொலைபேசி இல்லை. எனவே மடிக்கணினியில் மினிமோடெம் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். அதில் இந்தக் கருவிக்கென்றே டிடிடி என்று ஒரு முறை இருக்கிறது. மைக்கை ரப்பர்க் கிண்ணத்தின் மேல் வைத்து, கருவியில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினேன். பழைய ஃபேக்ஸ் இயந்திரம் கீச்சிடுவது போலன்றி, இரண்டு சிட்டுக்குருவிகள் மாறி மாறிக் கூவுவது போன்ற ஒலி. 1400 ஹெர்ட்ஸும் 1800 ஹெர்ட்ஸும் என்று படித்தேன். மடிக்கணினித் திரையில் முதலில் வந்தது வெறும் குழப்பம். மைக்கின் இரைச்சல் நீக்கும் வசதி இந்த ஒலியையே இரைச்சல் என்று நினைத்து வெட்டிக்கொண்டிருந்தது. அதை அணைத்தவுடன் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சற்று நேரம் எதுவும் தட்டாமல் இருந்துவிட்டு 2025 என்று தட்டினால், 'டபிள்யூ பி டபிள்யூ டி' என்று வருகிறது. எப்போதும் அல்ல, சில நேரம் மட்டும். கருவியில் கோளாறா, மென்பொருளில் கோளாறா?

கிண்டித் தந்திக்காரர் எழுதியது:

இரண்டிலும் இல்லை. நான் தந்த பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 2 என்றால் டபிள்யூ, 0 என்றால் பி, 5 என்றால் டி. எண்கள் சரியாகவே வந்திருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் போன 'இனி எண்' குறி மட்டும் வழியில் தொலைந்திருக்கிறது. டிடிஒய் தட்டாதபோது முழு மௌனமாக இருக்கும்; கணினி மோடெம் போல இடைவிடாத ஒலி கிடையாது. மௌனத்துக்குப் பின் வரும் முதல் ஒலியின் தலையைத் தங்கள் மைக் விழுங்கிவிடுகிறது, அந்தத் தலையில்தான் குறி இருக்கிறது. இதற்கு நேர்மாறும் நடக்கும்: 'இனி எழுத்து' குறி தொலைந்தால் 'எழுது' என்று பொருள்படும் 'ரைட்' (write) என்ற ஆங்கிலச் சொல் 24853 என்று அச்சாகும். அனுபவசாலிகள் அதையும் கண்ணாலேயே வாசித்துவிடுவார்கள்.

எண்ணைத் தட்டுவதற்கு முன் இடைவெளி விசையை இரண்டு முறை தட்டிப் பாருங்கள்.

ஏரிக்கரைவாசி எழுதியது:

ஐயா சொன்ன அந்த இடைவெளி விசையைத்தான் டிடிஒய் வைத்திருந்தவர்கள் வேறொரு காரணத்துக்காகவும் தட்டினார்கள். தொலைபேசியை எடுத்தவருக்கு மௌனம் மட்டும் கேட்டால் வைத்துவிடுவார்; அதனால் எதிர்முனை எடுத்ததும் இடைவெளி விசையைச் சில முறை தட்டி, 'இது டிடிஒய் அழைப்பு' என்று ஒலியால் தெரிவிப்பார்கள். எடுத்துவிட்டாரா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். தம்பியின் கருவியில் திரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டயல் ஒலி வந்தால் அது நின்று எரியும், எதிர்முனை பிசியாக இருந்தால் சட்சட்டென்று மின்னும், மணி அடித்துக்கொண்டிருந்தால் நிதானமாக மின்னி அணையும். அந்த ஒளியின் தாளம் மாறுவதைப் பார்த்துத்தான் ஆள் எடுத்துவிட்டார் என்று தெரிந்துகொள்வார்கள்.

தட்டச்சுப்பிரியன் எழுதியது:

இடைவெளி விசை வேலை செய்தது. அதன்பின் ஓர் எண்கூடத் தவறவில்லை. விளக்கும் இருக்கிறது. அது எதற்கென்று தெரியாமல், மின்சாரம் வருகிறதா என்று காட்டும் விளக்கு என்றே நினைத்திருந்தேன்.

சுருள்கம்பி அவர்கள் கேட்பார் என்பதால் இதையும் சொல்கிறேன்: சுவிட்சின் உடலில் முத்திரை எதுவும் தென்படவில்லை, மூடிகள் இரட்டை வார்ப்புதான். கழற்றிய மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டேன். நான் நிமிடத்துக்கு 80 சொல் தட்டுபவன். ஒரு நீண்ட வாக்கியத்தை அடித்து முடித்துக் கையை எடுத்த பிறகும் கருவி தன் நடையில் சில வினாடிகள் கூவிக்கொண்டே இருக்கிறது. கணினியில் இணைத்தால் இந்தப் பலகை எனக்குப் போதாது என்பது அதிலேயே விளங்கிவிட்டது. இணைக்காமலேயே, ஒலி வழியாக, வினாடிக்கு ஆறு எழுத்து வேகத்தில் அது இப்போது கணினியில் எழுதிக்கொண்டுதானே இருக்கிறது! பழையகடை அண்ணன் மன்னிக்க வேண்டும்.

பிரிண்டரில் புதுச் சுருள் போட்டுவிட்டேன். பழைய துண்டைச் சுருட்டிப் பேட்டரி அறைக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறேன், படம் எடுக்கவில்லை.

நேற்று இரவு கருவியை மாடியறையில் மேசையின் இந்தப் பக்கமும், மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு அந்தப் பக்கமும் வைத்து, மகளை எதிரே உட்காரவைத்தேன். ஜிஏ போட மறந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டியதில் முதல் ஐந்து நிமிடம் இரு பக்கமும் வெறும் கிறுக்கல்தான். பிறகு அவள் பழகிக்கொண்டாள். கீழே இருந்து வீட்டம்மா சாப்பிடக் கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்டும் நான் எழுந்திருக்காததால், மகள் அதை அடைப்புக்குறிக்குள் தட்டி அனுப்பினாள். அதற்கடுத்த வரியில் 'டின்னர் க்யூ ஜிஏ' என்று வந்தது. எஸ்கே எஸ்கே என்று தட்டிவிட்டு எழுந்தேன்.